டோரன் எதை பிளிக் செய்தது?

டீ வருவதற்குள் ஒரு சின்னச் சோதனை. ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள்: ‘தி டோரன் பிளிக்ட் தி மேவ் நியர் தி சக்.’ முதல் கேள்வி: ‘ஹூ பிளிக்ட் தி மேவ்?’ விடை: ‘தி டோரன் பிளிக்ட் தி மேவ்.’ அடுத்தது: ‘வேர் டிட் தி டோரன் பிளிக் தி மேவ்?’ விடை: ‘நியர் தி சக்.’ இரண்டுக்கும் முழு மார்க் போட்டாக வேண்டும். டோரன் என்பது மனிதனா மாடா, பிளிக் என்றால் அடிப்பதா அணைப்பதா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாம் நான் இட்டுக்கட்டிய சொற்கள்.

நம் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பு வரைக்கும் ஆங்கிலப் பேசேஜுக்கு இப்படித்தான் விடை எழுதிக்கொண்டு வருகிறார்கள். கேள்வியில் இருக்கும் பெரிய சொல் எதுவோ அதைப் பேசேஜில் தேடு, அது இருக்கும் வரியில் கோடு போடு, அந்த வரியை அப்படியே எடுத்து எழுது. ட்யூஷன்களில் இதைத்தான் ‘டெக்னிக்’ என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தேடிக் கண்டுபிடிப்பதும் வாசிப்பில் ஒரு பாதி வேலைதான். ஆனால் கேள்வி கேட்பவர் சொல்லை மாற்றிக் கேட்டால், விடை இரண்டு வரிகளுக்குப் பரவிக் கிடந்தால், ‘ஒய்’ என்று ஆரம்பித்தால், டெக்னிக் அங்கேயே கை விரித்துவிடும். “புக் பேக் கொஸ்டின் எல்லாம் கடகடன்னு எழுதுது சார், அன்சீன் பேசேஜ் வந்தா மட்டும் மார்க் போயிடுது” என்று பெற்றோர் சொல்வதன் காரணம் இதுதான். புக் பேக் கேள்விக்கு விடை மனப்பாடத்தில் இருக்கிறது. அன்சீன் பேசேஜை மனப்பாடம் செய்ய வழியில்லை.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் 2019-20 முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் 100 மார்க்குக்கு ஒரே தாள். அதற்கு முன் இரண்டு தாள்கள் இருந்தன. தாள் ஒன்றாகிவிட்டது, ஆனால் தலைக்குள் இருக்கும் அறைகள் இன்னும் தனித்தனிதான். ஒன் வேர்ட் ஓர் அறை, வாய்ஸ் மாற்றுவது ஓர் அறை, டைரக்ட் இன்டைரக்ட் ஓர் அறை, கடைசியில் வரும் பேசேஜ் இன்னோர் அறை. திங்கட்கிழமை கிராமர், வெள்ளிக்கிழமை காம்ப்ரிஹென்ஷன் என்று அட்டவணை போட்டுப் படிக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: கிராமரும் காம்ப்ரிஹென்ஷனும் ஒரே வேலை. யார், எதை, எப்போது, யாருக்குச் செய்தார்கள் என்பதை ஒரு வாக்கியத்திலிருந்து பிடுங்கி எடுப்பதுதான் கிராமர். அந்த வேலை நடந்தால் பேசேஜ் புரியும். ஆகவே கிராமர் பயிற்சியைப் பேசேஜிலிருந்தே எடுக்க வேண்டும், தனிப் புத்தகத்திலிருந்து அல்ல.

ஏன் நம் பிள்ளைகளுக்கு இது சிரமமாக இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். ‘நாயை மனிதன் கடித்தான்’ என்று தமிழில் சொல்லலாம். ‘மனிதன் நாயைக் கடித்தான்’ என்றும் சொல்லலாம். ‘கடித்தான் மனிதன் நாயை’ என்று மேடையில் முழங்கலாம். கடித்தது யார், கடிபட்டது யார் என்பதில் குழப்பமே வராது, ஏனென்றால் ‘ஐ’ என்ற உருபு நாயோடு ஒட்டிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் அந்த ஒட்டு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பவன் செய்பவன், பின்னால் நிற்பவன் வாங்கிக் கட்டிக்கொள்பவன். இடம்தான் வேற்றுமை. ஆகவே தமிழ்க் காது சொல்லின் வாலைக் கேட்டுப் பழகியது, ஆங்கிலக் கண் சொல்லின் இடத்தைப் பார்த்தாக வேண்டும். பிள்ளைக்கு இதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் என்று மூன்று பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இப்போது ஒரு பேசேஜ். நானே எழுதியதுதான், மூன்றே வாக்கியம். ‘தி ஓல்ட் க்ளாக் இன் தி ஸ்டேஷன், விச் ஹேட் நாட் வொர்க்ட் ஃபார் இயர்ஸ், வாஸ் ரிப்பேர்ட் லாஸ்ட் வீக் பை எ பாய் ஃப்ரம் தி வில்லேஜ் ஸ்கூல். தி ஸ்டேஷன் மாஸ்டர் ஆஃபர்ட் ஹிம் மணி, பட் ஹி ரிஃப்யூஸ்ட் இட். ஹி ஆஸ்க்ட் ஒன்லி ஃபார் பெர்மிஷன் டு வைண்ட் இட் எவ்ரி சண்டே.’

கதை எளிது. ஸ்டேஷனில் பல வருடமாக ஓடாமல் கிடந்த பழைய கடிகாரத்தைப் போன வாரம் கிராமத்துப் பள்ளிப் பையன் ஒருவன் சரி செய்தான். ஸ்டேஷன் மாஸ்டர் பணம் கொடுத்தார், வாங்க மறுத்துவிட்டான். ஞாயிறுதோறும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மட்டும் அனுமதி கேட்டான். தமிழில் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இந்த மூன்று வாக்கியத்துக்குள் எத்தனை பள்ளம் இருக்கிறது, பாருங்கள்.

‘பல வருடமாக எது வேலை செய்யவில்லை?’ என்று கேட்டால் ‘ஸ்டேஷன்’ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. சோம்பேறித்தனம் அல்ல. ‘விச்’ என்ற சொல்லுக்குத் தொட்டாற்போல் முன்னால் இருப்பது ஸ்டேஷன், அதனால் ஸ்டேஷன். தமிழில் நாம் ‘ஓடாமல் கிடந்த கடிகாரம்’ என்று அடைமொழியை முன்னால் போட்டுவிடுவோம். ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு, அதைப் பற்றிய சேதியை ‘விச்’, ‘ஹூ’, ‘தட்’ என்று பின்னால் இழுத்து வரும். அப்படி இழுத்து வரும்போது வாக்கியத்தின் தலைக்கும் வினைக்கும் நடுவே நீண்ட தூரம் விழுந்துவிடுகிறது. இதற்கு ஒரு கைவைத்தியம்: இரண்டு கமாவுக்கு நடுவே இருப்பதைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். ‘தி ஓல்ட் க்ளாக் இன் தி ஸ்டேஷன் வாஸ் ரிப்பேர்ட்.’ இப்போது முதுகெலும்பு தெரிகிறது. விரலை எடுத்த பிறகு, ‘மறைந்திருந்த சேதி எதைப் பற்றியது? வேலை செய்யாமல் நிற்கக்கூடியது ஸ்டேஷனா கடிகாரமா?’ என்று கேளுங்கள். பிள்ளை தானே சொல்லிவிடும்.

அடுத்து ‘வாஸ் ரிப்பேர்ட்’. முன்னால் நிற்பவன் செய்பவன் என்று இப்போதுதான் சொன்னேன், உடனே விதிவிலக்கு. முன்னால் கடிகாரம் நிற்கிறது, ஆனால் அது எதையும் செய்யவில்லை. ‘வாஸ்’ஸும் அதற்கடுத்த வினைவடிவமும் சேர்ந்து, ‘முன்னால் நிற்பவர் மேல்தான் வேலை நடந்தது, செய்தவரைப் பின்னால் தேடு’ என்று அடையாளம் காட்டுகின்றன. பின்னால் ‘பை’ இருக்கிறது, செய்தவன் கிடைக்கிறான். பல நேரம் ‘பை’யே இருக்காது. ‘தி ரோடு வாஸ் க்ளோஸ்ட்’ என்று செய்தித்தாள் போடும், மூடியது யார் என்று சொல்லாது. அறிவியல் பாடப் புத்தகம் முழுக்க இந்த வகை வாக்கியம்தான். பேசிவ் வாய்ஸை ‘ஆக்டிவை மாற்றுவதற்கான ஃபார்முலா’ என்று மட்டும் படித்த பிள்ளை, பேசேஜில் அதைச் சந்திக்கும்போது அடையாளம் காண்பதில்லை. மாற்றத் தெரியும், படிக்கத் தெரியாது. இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

‘ஹேட் நாட் வொர்க்ட்’ என்பதில் ‘ஹேட்’ எதற்கு? டென்ஸ் சார்ட்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். பிள்ளை பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று பெயர் சொல்லும், உபயோகம் சொல்லாது. இங்கே அதன் வேலை ஒன்றுதான்: போன வாரம் நடந்ததற்கும் முந்தைய காலம் ஒன்று இருக்கிறது, அதைக் காட்டுவது. முதலில் ஓடாமல் நின்றது, பிறகு சரியானது. பேசேஜ்களில் ‘எது முதலில் நடந்தது?’ என்று கேட்டால் ‘ஹேட்’ இருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வரிசை கிடைத்துவிடும்.

இப்போது ‘இட்’. ‘ஹி ரிஃப்யூஸ்ட் இட்’ என்பதில் இட் பணம். அடுத்த வாக்கியத்தில் ‘வைண்ட் இட்’ என்பதில் இட் கடிகாரம். ஒரே சொல், அடுத்தடுத்த வரி, இரண்டு பொருள். பேசேஜைப் பென்சிலோடு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஹி, ஷி, இட், தே, திஸ், தோஸ் வரும் இடமெல்லாம் ஒரு வட்டம் போட்டு, அது சுட்டும் பெயருக்கு ஓர் அம்புக்குறி இழுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும். பத்தாம் வகுப்பின் முதல் பாடமான ‘ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்’ கதையில் பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சை ‘ஹி’ என்றே எழுதுகிறார் லியம் ஓ ஃப்ளாஹெர்ட்டி, அதன் தாயை ‘ஷி’ என்கிறார். பறவைக்கு ‘இட்’தானே வரும் என்று நினைக்கும் பிள்ளை அங்கே இடறும்.

‘வைண்ட்’ பற்றி ஒரு வார்த்தை. எழுத்தில் அது காற்றைக் குறிக்கும் ‘விண்ட்’ சொல்லேதான். ஞாயிறுதோறும் கடிகாரத்தைக் காற்று செய்ய அனுமதி கேட்டான் என்று பொருள் கொண்டால் உருப்படியாக ஏதாவது வருகிறதா? வரவில்லை என்றால் அங்கே வேறு பொருள் இருக்கிறது. தெரிந்த சொல்தான் என்று தாண்டிப் போகாமல், ‘இந்த இடத்தில் பொருந்துகிறதா?’ என்று நின்று கேட்கும் பழக்கம், அகராதியைவிடப் பெரிய உதவி.

கடைசியாக, எல்லோரும் தடுக்கி விழும் கேள்வி. ‘ஒய் டிட் தி பாய் ரிஃப்யூஸ் தி மணி?’ பேசேஜில் காரணம் எழுதியிருக்கவில்லை. ‘பிகாஸ் ஹி இஸ் எ குட் பாய்’ என்று எழுதிவிட்டு வருவார்கள். நல்ல பையன் என்பது பேசேஜில் இல்லை. அவன் கேட்டது கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் உரிமையை மட்டும், அதுதான் இருக்கிறது. ஆகவே கடிகாரத்தின் மேல் ஆசை, பணத்தின் மேல் அல்ல. ‘ஒன்லி’ என்ற ஒரு சொல் அந்த விடையைத் தூக்கி நிறுத்துகிறது. பிள்ளை என்ன விடை சொன்னாலும், சரியோ தப்போ, ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘எந்த வரி உனக்கு அதைச் சொன்னது?’ காட்ட முடிந்தால் அது விடை, முடியாவிட்டால் ஊகம்.

டீ ஆறிக்கொண்டிருக்கிறது, குடியுங்கள். கிராமர் பயிற்சிக்கு வருகிறேன், அதே மூன்று வாக்கியத்தை வைத்துக்கொண்டே.

முதல் வாக்கியத்தை ஆக்டிவ் வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள். அடுத்து அதையே துண்டு துண்டாக உடைக்கச் சொல்லுங்கள். கடிகாரம் பழையது, அது ஸ்டேஷனில் இருந்தது, பல வருடம் ஓடவில்லை, ஒரு பையன் அதைச் சரி செய்தான், அவன் கிராமத்துப் பள்ளியில் படிக்கிறான் என்று ஐந்து சின்ன வாக்கியம் வரும். மறுநாள் பேசேஜைப் பார்க்காமல் அந்த ஐந்தையும் சேர்த்து ஒன்றாக்கச் சொல்லுங்கள். தேர்வில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று கேட்பது இந்த வித்தையைத்தான். உடைக்கத் தெரிந்தவனுக்குச் சேர்க்க வரும். வெறும் ‘தோ’, ‘பட்’, ‘இன் ஸ்பைட் ஆஃப்’ சூத்திரத்தை மனப்பாடம் செய்தவன் வாக்கியம் கொஞ்சம் நீண்டால் திணறுவான்.

ஸ்டேஷன் மாஸ்டரும் பையனும் என்ன பேசியிருப்பார்கள் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அதை இன்டைரக்ட் ஸ்பீச்சில் மாற்றட்டும். இங்கேதான் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய இடறல். நமக்கு ‘என்று’ என்ற சொல் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறது. ‘எனக்குப் பணம் வேண்டாம் என்று பையன் சொன்னான்.’ பையன் வாயிலிருந்து வந்ததை அப்படியே வைத்து, பின்னால் ‘என்று’ போட்டால் தீர்ந்தது. ‘எனக்கு’ என்பது சொன்ன பையனைக் குறிக்கிறதே தவிர என்னை அல்ல என்று கேட்பவருக்கு ஐயமில்லாமல் புரியும். ஆங்கிலத்தில் இன்டைரக்டாகச் சொல்பவர் தான் நிற்கும் இடத்திலிருந்து, தான் பேசும் நேரத்திலிருந்து சொல்ல வேண்டும். அதனால் ‘ஐ’ என்பது ‘ஹி’ ஆகிறது, ‘டு நாட்’ என்பது ‘டிட் நாட்’ ஆகிறது, ‘டுமாரோ’ ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகிறது. பையன் நாளை என்று சொன்ன நாள் எனக்கு நாளை இல்லையே! காரணம் இவ்வளவுதான். இதைச் சொன்னால் நவ் என்றால் தென், ஹியர் என்றால் தேர் என்ற நீண்ட பட்டியலை உருப்போட வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத சொல் வந்தாலும் பிள்ளை யோசித்து மாற்றும்.

‘எ’, ‘தி’ இரண்டையும் கிராமரில் ஆர்ட்டிகிள் என்று ஒரு மார்க்குக்காகப் படிக்கிறார்கள். வாசிக்கும்போது அது கதைக்குள் யார் புதிதாக வருகிறார், யார் ஏற்கெனவே தெரிந்தவர் என்று சொல்லும் சாடை. பாட்டி கதையில் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று தொடங்கி, அடுத்த வரியில் ‘அந்த ராஜாவுக்கு’ என்று போகிறாளே, அதே வேலை. நம் பேசேஜில் பையன் புதியவன், அதனால் ‘எ பாய்’. ஸ்டேஷன் மாஸ்டரும் அப்போதுதான் வருகிறார், ஆனாலும் ‘தி’. ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு மாஸ்டர், வேறு யாராக இருக்க முடியும்? இந்த விளக்கத்தைக் கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு ஆர்ட்டிகிளை வெறும் கோடிட்ட இடமாகப் பார்ப்பதில்லை.

விடை எழுதும்போது வரும் ஒரு தப்பு மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. ‘வாட் டிட் தி பாய் ரிஃப்யூஸ்?’ என்ற கேள்விக்கு ‘தி பாய் டிட் ரிஃப்யூஸ் தி மணி’ என்று எழுதுவார்கள், இல்லையென்றால் ‘டிட் ரிஃப்யூஸ்ட்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். கேள்வியாகும்போது இறந்தகாலம் வினையை விட்டு இறங்கி ‘டிட்’டுக்குள் போய் உட்காருகிறது. விடை எழுதும்போது அதைத் திரும்ப வினைக்கே கொடுத்துவிட வேண்டும்: ‘ரிஃப்யூஸ்ட்’. ‘டஸ்’ வந்தாலும் அப்படியே, அதற்குள் இருக்கும் ‘எஸ்’ வினைக்குத் திரும்ப வேண்டும். தமிழில் கேள்வி கேட்க ஓர் ‘ஆ’வையோ ‘என்ன’வையோ சேர்த்தால் போதும், எதுவும் இடம்பெயர்வதில்லை. அதனால் இது நமக்குப் பழகாத ஒன்று. பழக்க ஒரே வழி, பிள்ளையையே கேள்வி எழுத வைப்பது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதன் ஒவ்வொரு துண்டும் விடையாக வரும்படி ஒவ்வொரு கேள்வி. பதில் எழுதும் பயிற்சியைவிடக் கேள்வி எழுதும் பயிற்சிக்குப் பலன் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்தப் பேசேஜை எடுப்பது? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பேசேஜ் என்று எடுத்தால், பல பேருக்கு அது வேலைக்கு ஆகாது. 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசகப் புத்தகங்களில் புதுச் சொற்கள் கட்டுக்கடங்காமல் வருவதைக் கவனித்தார். புதுச் சொல்லைக் குறைத்து, வந்த சொல்லையே திரும்பத் திரும்ப வரவழைத்துத் தானே வாசகங்கள் தயாரித்தார். 1953இல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறக்குறைய 2000 சொற்கள்தான். பிற்காலத்தில் நியூசிலாந்தின் பால் நேஷனும் அவரோடு சேர்ந்தவர்களும் கணக்குப் பார்த்தார்கள்: யார் துணையும் இல்லாமல் ஒரு பத்தி வசதியாகப் புரிய வேண்டுமென்றால் அதில் நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதாவது 150 சொல் பேசேஜில் தெரியாத சொல் மூன்று. பதினைந்து இருந்தால் அது பயிற்சி அல்ல, தண்டனை.

அப்படியானால் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் புத்தகத்துக்குப் போங்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. “நான் டென்த், இது சிக்ஸ்த் புக்” என்று பிள்ளை முகம் சுளிக்கும். தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்குச் சொல்லிக் கொடு என்று உட்கார வையுங்கள், மானம் காக்கப்படும். சொந்த வகுப்புப் பாடத்தையும் விட வேண்டாம், ஆனால் புக் பேக்கில் இல்லாத கேள்வியைக் கேளுங்கள். அந்தக் கடற்பறவைக் கதையில் தாய்ப் பறவை மீன் துண்டோடு குஞ்சை நோக்கிப் பறந்து வந்து, எட்டாத தூரத்தில் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது? மனப்பாடம் செய்த விடை இதற்கு உதவாது. பாடமே அன்சீன் பேசேஜ் ஆகிவிடும்.

சொல்லும் கிராமரும் மட்டும் போதுமா என்றால், போதாது. 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியை ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் மட்டமாக வந்த, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும், ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நமக்கு இதைக் கிரிக்கெட் என்று வைத்துக்கொண்டால் விளங்கிவிடும். பேசேஜ் எதைப் பற்றியும் வரலாம்: திமிங்கலம், தபால்தலை, மண்புழு உரம், மங்கள்யான். அந்த விஷயம் முன்பே காதில் விழுந்த பிள்ளைக்குப் பாதி பேசேஜ் படிக்காமலே தெரியும். அந்த அறிவு தமிழில் வந்ததா ஆங்கிலத்தில் வந்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஆங்கிலம் தேற வேண்டும் என்பதற்காகத் தமிழ்ச் செய்தித்தாளை, தமிழ்ப் புத்தகத்தைப் பிள்ளை கையிலிருந்து பிடுங்காதீர்கள். தமிழில் ஒரு பக்கம் படித்துச் சாரம் சொல்ல முடியாத பிள்ளைக்கு ஆங்கிலப் பேசேஜின் சாரம் மட்டும் எங்கிருந்து வரும்?

“ரென் அண்ட் மார்ட்டின் வாங்கித் தரலாமா சார்?” என்று கேட்காத அப்பா இல்லை. 1930களில் வந்த ஆங்கில இலக்கணப் புத்தகம், பின்னால் பிரசாத ராவ் திருத்தியமைத்த பதிப்புதான் இன்று கடையில் இருக்கிறது. எழுதிய பி. சி. ரென் ‘போ ஜெஸ்ட்’ என்ற சாகச நாவலால் உலகப் புகழ் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது. புத்தகம் அருமையானதுதான். ஆனால் அது முதலில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தான் பேசுவதன் பெயர் என்ன என்று சொல்லித் தரும் புத்தகம். நம் வீட்டுப் பிள்ளைக்கு அது சந்தேகம் தீர்க்கும் புத்தகமாக அலமாரியில் இருக்கலாம், அன்றாடப் பயிற்சிக்கு உதவாது.

என். எஸ். பிரபு என்றொருவர், சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை போன்ற ஊர்களின் சில பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். பெங்களூர் ப்ராஜெக்ட் என்று உலகம் முழுக்க ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு அது தெரியும். இலக்கணப் பாடமே எடுக்கவில்லை. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் என்று கொடுத்து, அதிலிருந்து கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்க வைத்தார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் கட்சி. தானாகவே எல்லாம் படிந்துவிடும் என்பதில் எனக்கு முழுச் சம்மதமில்லை, நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் கிடைக்கும் ஆங்கில நேரம் அதற்குப் போதாது. ஆனால் அந்த முறையில் ஒரு பாதியை வீட்டிலேயே செய்யலாம். மருந்து பாட்டிலில் ‘ஷேக் வெல் பிஃபோர் யூஸ்’ என்று போட்டிருக்கிறது. எதைக் குலுக்க வேண்டும், எப்போது, யார்? சப்ஜெக்டே இல்லாத வாக்கியத்தில் செய்ய வேண்டியவர் படிப்பவர்தான் என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கொசுவிரட்டி அட்டை, ரயில் டிக்கெட், கரண்ட் பில் குறுஞ்செய்தி, எல்லாமே பேசேஜ்கள்தான். தேர்வில் ரோடு மேப் பார்த்து வழி சொல்லும் கேள்வி வருகிறதே, அதற்கும் இதுவே பயிற்சி.

எவ்வளவு பயிற்சி செய்தும் ஏறவில்லை என்றால், ஒரு சோதனை இருக்கிறது. பேசேஜை நீங்களோ அக்காவோ நிதானமாக வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். காதால் கேட்டால் புரிகிறது, கண்ணால் படித்தால் புரியவில்லை என்றால், கோளாறு எழுத்துக் கூட்டுவதில். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது கிராமர் அல்ல, தினமும் பத்து நிமிடம் உரக்கப் படிப்பது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளமும் வாக்கிய அமைப்பும் பற்றவில்லை. கஃப், டன்மர் என்ற இருவர் 1986இல் இதைக் கணக்கு மாதிரியே எழுதினார்கள்: எழுத்துக் கூட்டும் திறனையும் மொழி புரியும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

செல்போனில் பேசேஜை முழுதாகத் தமிழாக்கி வைத்துக்கொண்டு விடை எழுதும் வழக்கம் இப்போது பரவுகிறது. அதில் பயிற்சி நடப்பது செல்போனுக்கு. முதல் வாசிப்பில் அகராதியும் வேண்டாம், போனும் வேண்டாம். ஊகித்த பிறகு ஒரு சொல்லுக்குப் பார்க்கட்டும், தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்வதைவிடத் தினம் இருபது நிமிடம் மேல். ஒரு பேசேஜுக்கு இரண்டு நாள் போதும்: முதல் நாள் படிப்பு, வட்டம், அம்பு, இரண்டாம் நாள் அதிலிருந்தே உடைப்பு, சேர்ப்பு, கேள்வி. ஒரு வாரம் கழித்துப் பழைய பேசேஜை மறுபடி படிக்கச் சொல்லுங்கள். அலுப்பாக இருக்கும் என்பார்கள், அலுக்கட்டும்.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதே சார், நான் எப்படிப் பார்ப்பேன்?” என்று தயங்குகிறவர்களுக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். பிள்ளை பேசேஜைப் படித்து முடித்ததும், புத்தகத்தை மூடிவிட்டு அதைத் தமிழில் உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். கடை கணக்கு எழுதிக்கொண்டே கேட்கலாம், சமைத்துக்கொண்டே கேட்கலாம். கதை எங்கே நொண்டுகிறதோ அங்கேதான் வாக்கியம் புரியவில்லை. உடனே திட்டாதீர்கள், திருத்தவும் வேண்டாம். புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள். அதற்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.